பெட்டி அடுக்கும் இரும்புக் கை: பூட்டுவதும் பராமரிப்பதும்

தீபாவளிக்கு லயத்துக்கு வந்திருந்த ஒரு தம்பி தன்னுடைய வேலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொழும்புப் பக்கம், சாமான்களைப் பெட்டியில் போட்டு அனுப்பும் ஒரு பெரிய ஸ்டோரில் அவருக்கு வேலை. “மூட்ட தூக்கிறதெல்லாம் இப்ப கொறஞ்சிருச்சுப்பா. ஒரு இரும்புக் கை நிக்குது. அதுவே தூக்கி அதுவே அடுக்குது” என்றார். அவருடைய அப்பா தோட்டத்து ஃபெக்டரியில் பல வருடம் தூள் மூட்டை தூக்கியவர்.

“அப்ப ஒனக்கு என்னா வேல அங்க?”

“அது அடுக்கிறத பாத்துக்கிட்டு இருக்கணும். பெட்டி கீழ விழுந்தா உள்ள போயி எடுத்து வைக்கணும்.”

“உள்ள போறப்ப மிசின நிப்பாட்டுவாங்களா?”

தம்பி கொஞ்சம் யோசித்தார். “சில நேரம் நிப்பாட்டுவோம். அவசரம்னா சூப்பவைசர் அப்பிடியே போயி எடுன்னுவாரு. ஒரு நிமிச வேலதானே.”

அப்பா பதில் சொல்லவில்லை. அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கின்றன. மற்றப் பாதி மிசின் பெல்ட்டில் போனது. அதுவும் ஒரு நிமிட வேலைதான்.

நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் ஸ்டோர் வேலை, பெக்கிங் வேலை என்று போகிறார்கள். அங்கே இந்த இரும்புக் கையோடு பழக வேண்டி வருகிறது. அது என்ன, எப்படிப் பூட்டுகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள், பக்கத்தில் வேலை செய்பவர் எதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

ரொபோ என்ற பெயர்

இந்த மாதிரி மிசினை ‘ரொபோ’ என்கிறார்கள். இந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகத்தில்தான் இந்தச் சொல் முதலில் வந்தது. செக் மொழியில் ‘ரொபோட்டா’ என்றால் கட்டாய வேலை. அந்த நாட்டுக் குடியானவர்கள் நிலச் சொந்தக்காரருக்குக் கூலி இல்லாமல் செய்து கொடுக்க வேண்டியிருந்த வேலைக்கு அந்தப் பெயர். 1848இல் அந்த முறை ஒழிக்கப்பட்டது. அதன் பெயர் மட்டும் மிசினுக்கு வந்துவிட்டது.

ஃபெக்டரி வேலைக்கு முதன்முதலாக ஒரு ரொபோ பூட்டப்பட்டது 1961இல். அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் ஒரு ஃபெக்டரியில், சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைக்க அதைப் பூட்டினார்கள். ‘யுனிமேட்’ என்பது அதன் பெயர். 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி உலகம் முழுவதும் 42 இலட்சத்துக்கு மேற்பட்ட ரொபோக்கள் ஃபெக்டரிகளில் வேலை செய்தன.

அதன் உறுப்புகள்

பெட்டி அடுக்கும் ரொபோவை நம் கையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் சுலபமாக விளங்கும். அடிப்பாகம் நிலத்தில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அது இடமும் வலமும் திரும்பும். அதற்கு மேலே தோள் மாதிரி ஒரு மூட்டு, முழங்கை மாதிரி ஒரு மூட்டு, கடைசியில் மணிக்கட்டு மாதிரி சுழலும் ஒரு மூட்டு. ஆக நாலு மூட்டு. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு மோட்டர், ஒரு கியர் பெட்டி, ஒரு பிரேக் இருக்கும். மோட்டர் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் ஒரு சின்னக் கருவியும் இருக்கும். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் தன் கை எங்கே நிற்கிறது என்று ரொபோ அறிந்துகொள்கிறது.

மணிக்கட்டின் நுனியில் பிடி இருக்கும். அட்டைப் பெட்டி என்றால் காற்றை உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்கள். மூட்டை என்றால் அடியில் நுழைந்து தாங்கும் இரும்பு விரல்கள். பக்கத்தில் அலுமாரி மாதிரி ஒரு பெட்டி நிற்கும். அதுதான் மூளை. ஆள் கையில் வைத்து இயக்க ஒரு கைப்பெட்டியும் கேபிளோடு தொங்கும்.

பலம் எவ்வளவு என்று கேட்பீர்கள். ஏ.பி.பி. கொம்பனி செய்யும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். அதன் சொந்தப் பாரம் 925 கிலோ. 110 கிலோ வரை தூக்கும். 2.4 மீற்றர் தூரம் எட்டும். 60 கிலோ பாரத்தை மணிக்கு 2,190 தடவை எடுத்து வைக்கும் என்று அந்தக் கொம்பனி சொல்கிறது. இரண்டு செக்கனுக்குள் ஒரு தடவை! நம்மில் ஒருவர் 60 கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றவே அதைவிட நேரம் எடுக்கும். அந்த வேகத்தில் வரும் இரும்பு, ஆள் மேலே பட்டால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொண்டுவந்து பூட்டுவது

முதல் வேலை அளவெடுப்பது. பெட்டியின் நீளம், அகலம், பாரம் எவ்வளவு? நிமிடத்துக்கு எத்தனை பெட்டி வரும்? அடுக்கு எவ்வளவு உயரம் போகும்? இதெல்லாம் தெரிந்த பிறகுதான் எந்த ரொபோ, எந்தப் பிடி என்று தீர்மானிப்பார்கள். இதில் பிழை விட்டால் பிறகு எல்லாமே பிழை.

இரண்டாவது தரை. ஒரு தொன்னுக்குக் கிட்டிய மிசின் பாரத்தைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்பும்போது தரையைப் பிடித்து இழுக்கும். கொங்கிறீட் மெலிசாக இருந்தால் வெடிக்கும், போல்ட் தளரும். அதனால் தரையின் கனத்தைப் பார்த்து, ரசமட்டம் வைத்து மட்டம் பிடித்து, சொன்ன அளவு இறுக்கத்துக்குப் போல்ட்டை இறுக்குவார்கள். ரொபோவைத் தூக்கும்போது கையை மடக்கி வைத்து, புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டுமே கொளுக்கி போட வேண்டும். வேறு இடத்தில் போட்டால் கவிழும்.

மூன்றாவது மின்சாரமும் காற்றும். மின்சாரத்தைத் தகுதியுள்ள எலக்ட்ரீசியன்தான் இணைக்க வேண்டும். எர்த் வயர் சரியாக இருக்க வேண்டும். பிடிக்கு வேண்டிய காற்று கொம்பிரசரிலிருந்து வரும்.

நாலாவது வேலி. இதுதான் முக்கியம். கை முழுவதும் நீண்டு, பிடியில் பெட்டியும் இருக்கும்போது எவ்வளவு தூரம் எட்டுமோ, அதற்கும் வெளியே கம்பி வேலி போட வேண்டும். வேகமாகத் திரும்பும்போது காற்றுப் பிடி விட்டுப்போனால் பெட்டி பறந்து வரும். வேலி அதையும் தாங்க வேண்டும். வேலிக் கதவில் ஒரு சுவிட்ச் இருக்கும். கதவைத் திறந்தால் ரொபோ நிற்கும். அடுக்கிய சாமான் வெளியே வரும் வழியில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர்களால் ஒரு திரை இருக்கும். ஆள் அதைக் கடந்தாலும் ரொபோ நிற்கும். சுற்றிலும் அவசரத்துக்கு அமுக்க சிவப்புப் பொத்தான்கள் இருக்கும்.

வேலை தொடங்குமுன் கதவு, திரை, சிவப்புப் பொத்தான் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்து எழுதி வைக்க வேண்டும். “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்ற பேச்சு இங்கே கூடாது.

அடுக்கச் சொல்லிக் கொடுப்பது

ரொபோவுக்குத் தானாக ஒன்றும் தெரியாது. கைப்பெட்டியை வைத்துக்கொண்டு ஓர் ஆள் அதற்குச் சொல்லிக் கொடுக்கிறார். இங்கே வந்து எடு, இவ்வளவு உயர்த்து, அங்கே வை என்று ஒவ்வொரு இடத்தையும் பதிய வைப்பார். அந்த நேரத்தில் கை ஒரு செக்கனுக்கு 250 மில்லிமீற்றருக்கு மேல் அசையக்கூடாது என்பது உலக ஒழுங்கு.

கைப்பெட்டியில் ஒரு விசேஷப் பொத்தான் உண்டு. அதைப் பாதியளவு அமுக்கிப் பிடித்தால்தான் ரொபோ அசையும். கையை விட்டாலும் நிற்கும், பயந்துபோய் இறுக்கி அமுக்கினாலும் நிற்கும். பயம் வந்தால் சிலர் கையை விடுவார்கள், சிலர் இறுக்கிப் பிடிப்பார்கள். இரண்டுக்கும் ஏற்ற மாதிரிதான் அதைச் செய்திருக்கிறார்கள். சிலர் சோம்பலில் அந்தப் பொத்தானை டேப் சுற்றி அமுக்கி வைப்பதுண்டு. அது உயிரோடு விளையாட்டு.

அடுக்கும் முறையில் நம் ஆட்களின் அனுபவத்துக்கும் இடம் உண்டு. ஒரே மாதிரி நேருக்கு நேர் அடுக்கினால் மூட்டை சரியும் என்று லொறியில் சாமான் ஏற்றிய எவருக்கும் தெரியும். ஒரு வரிசை நீட்டு, அடுத்த வரிசை குறுக்கு என்று செங்கல் கட்டுவது மாதிரி பூட்டி அடுக்க வேண்டும். ரொபோவுக்கும் அதையேதான் சொல்லிக் கொடுக்கிறார்கள். கையால் அடுக்கிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் வேலை சரியாக முடியும்.

சொல்லிக் கொடுத்த பிறகு ஆள் வெளியே வந்து, கதவைச் சாத்தி, முதலில் வெறுங்கையோடு மெதுவாக ஓட விடுவார்கள். பிறகு பெட்டியோடு. பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டுவார்கள்.

பராமரிப்பு

நல்ல டீமேக்கர் ஐயா மிசின் சத்தத்தைக் கேட்டே எங்கே பிழை என்று சொல்லிவிடுவார். ரொபோவுக்கும் அந்தக் காதும் கண்ணும் வேண்டும்.

ஒவ்வொரு நாளும் வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். புதுச் சத்தம் கேட்கிறதா? மூட்டுக்குக் கீழே கிறீஸ் வடிகிறதா? காற்றுக் குழாயில் ‘உஸ்’ என்ற சத்தம் வருகிறதா? மிசினை நிறுத்திய பிறகு ரப்பர் கிண்ணங்களில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி விழுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தேய்ந்த கிண்ணம்தான் காரணம். தூசி படிந்தால் பெட்டி வந்ததைப் பார்க்கும் சென்சர் கண் மங்கிப்போகும். தேயிலைத் தூள் மாதிரி தூசி பறக்கும் இடத்தில் அதை அடிக்கடி துடைக்க வேண்டும். அலுமாரியின் காற்றாடி வடியையும் சுத்தம் செய்ய வேண்டும்.

குறித்த காலத்துக்கு ஒரு தடவை கிறீஸ் மாற்ற வேண்டும். புதுக் கிறீஸ் போடும்போது பழையது வெளியேறும் துவாரத்தைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் உள்ளே அமுக்கம் கூடி சீல் பிய்ந்துவிடும். மோட்டர் சுற்றை எண்ணும் கருவிக்கு பல ரொபோக்களில் ஒரு பற்றரி உண்டு. அது செத்தால் தன் கை எங்கே நிற்கிறது என்பதை ரொபோ மறந்துபோகும். பிறகு ஒவ்வொரு மூட்டிலும் உள்ள அடையாளக் கோட்டுக்குக் கொண்டுவந்து மறுபடி எண்ணத் தொடங்க வேண்டும். அதனால் பற்றரியை நேரத்தோடு, அந்த ரொபோவின் புத்தகத்தில் சொல்லியபடி மாற்ற வேண்டும். சொல்லிக் கொடுத்த வேலைத் திட்டத்துக்கும் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்த வேண்டும்.

மோட்டரை நிறுத்தியதும் கை மெதுவாகக் கீழே இறங்கினால் பிரேக் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதைக் கண்டால் உடனே சொல்ல வேண்டும். என்ன பார்த்தோம், என்ன மாற்றினோம் என்று ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுத வேண்டும். நாளைக்கு வருபவருக்கு அதுதான் வழிகாட்டி.

நடந்த மூன்று விபத்துகள்

1979 ஜனவரி 25ஆம் திகதி. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்ட் கொம்பனியின் ஒரு ஃபெக்டரி. உதிரிப் பாகங்களைத் தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கும் ரொபோ சரியாக வேலை செய்யவில்லை என்று, ரொபர்ட் வில்லியம்ஸ் என்ற 25 வயதுத் தொழிலாளி தட்டில் ஏறிப் பாகங்களை எடுக்கப் போனார். ரொபோ நிறுத்தப்படவில்லை. பின்னாலிருந்து வந்த கை தலையில் அடித்தது. அங்கேயே இறந்தார். மிசினைச் செய்த கொம்பனி அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி டொலர் கொடுக்க வேண்டும் என்று 1983இல் ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள்.

1981இல் யப்பானில், கவசாகி கொம்பனியின் ஃபெக்டரி ஒன்றில், கெஞ்சி உராடா என்ற 37 வயதுத் தொழிலாளி ரொபோ ஒன்றைப் பழுது பார்க்க உள்ளே போனார். அது முழுதாக நிறுத்தப்பட்டிருக்கவில்லை. ரொபோ அவரைப் பக்கத்து மிசினோடு வைத்து நசுக்கியது.

2023 நவம்பரில் தென் கொரியாவில், விவசாயப் பொருட்களை அனுப்பும் ஒரு நிலையத்தில், குடைமிளகாய்ப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ரொபோவின் சென்சரைச் சோதித்துக்கொண்டிருந்தார் ஒருவர். நாற்பது வயது கடந்தவர், அனுபவம் உள்ளவர். ரொபோ அவரையே பிடித்துக் கொன்வேயரோடு நசுக்கியது. மார்பிலும் முகத்திலும் பட்ட காயத்தால் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

மூன்று விபத்துக்கும் இடையில் நாற்பது வருடத்துக்கு மேல். மூன்று நாட்டில் இரண்டு பணக்கார நாடு, மற்றதும் இப்போது பணக்கார நாடுதான். ஆனால் காரணம் ஒன்று. ஆள் உள்ளே இருக்கும்போது மிசினுக்கு உயிர் இருந்தது. பெட்டி எது, மனிதன் எது என்று அந்தக் கைக்குத் தெரியாது. தனக்கு முன்னால் வந்ததைத் தூக்கும். அவ்வளவுதான்.

உள்ளே போவதற்கு முன்

விழுந்த பெட்டியை எடுப்பதாக இருந்தாலும் சரி, கிறீஸ் போடுவதாக இருந்தாலும் சரி, கீழே உள்ள ஒழுங்கை விடக்கூடாது.

1. சுற்றியிருப்பவர்களுக்குச் சொல்லுங்கள்.

2. கையில் பெட்டி இல்லாத நேரம் பார்த்து ரொபோவை நிறுத்துங்கள். காற்றை நிறுத்தினால் பிடியில் உள்ள பெட்டி தலையில் விழும்.

3. மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணுங்கள். சிவப்புப் பொத்தானை அமுக்கினால் மட்டும் போதாது. அதை வேறொருவர் தூக்கிவிட முடியும்.

4. மெயின் சுவிட்சில் உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கட்டும். மூன்று பேர் உள்ளே போனால் மூன்று பூட்டு.

5. காற்றுக் குழாயின் வால்வை மூடி, உள்ளே மிச்சமுள்ள அமுக்கத்தை வெளியே விடுங்கள்.

6. கையின் கீழே வேலை என்றால் கையை இறக்கி வைக்க வேண்டும், அல்லது முட்டுக் கொடுக்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பக்கூடாது. மோட்டரைக் கழற்றினால் அதோடு பிரேக்கும் போய்க் கை விழும்.

7. அலுமாரியைத் திறக்க வேண்டுமானால் அதில் எழுதியுள்ள நேரம் வரை பொறுங்கள். மெயின் சுவிட்ச் ஓஃப் ஆன பிறகும் கொஞ்ச நேரம் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும்.

8. கடைசியாக ஸ்டார்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். அசையவில்லை என்றால்தான் உள்ளே போகலாம்.

வேலை முடிந்ததும் ஆட்களையும் ஆயுதங்களையும் எண்ணிப் பார்த்து, கதவைச் சாத்தி, அவரவர் பூட்டை அவரவரே கழற்ற வேண்டும். இன்னொருவர் பூட்டை யாரும் கழற்றக்கூடாது.

ரொபோ சும்மா நிற்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடுத்த பெட்டி வரும்வரை காத்துக்கொண்டு நிற்கலாம். சென்சருக்கு முன்னால் நீங்கள் கையை நீட்டினால், பெட்டி வந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பும்.

இந்த ஒழுங்கு ரொபோவுக்கு மட்டுமல்ல. நம் ஃபெக்டரி ரோலருக்கும், ட்ரையருக்கும், கொன்வேயருக்கும் இதுவேதான். பூட்டு ஒன்றின் விலை அதிகமில்லை.

தரையில் ஓடும் ரொபோக்கள்

பெரிய களஞ்சியங்களில் வேறு ஒரு வகையும் உண்டு. ஆமை மாதிரித் தட்டையாக இருக்கும். சாமான் ராக்கைக்குக் கீழே புகுந்து, ராக்கையையே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வரும். தரையில் ஒட்டியுள்ள அடையாளங்களைப் பார்த்து வழி கண்டுபிடிக்கும். பற்றரி குறைந்தால் தானே போய் சார்ஜ் பண்ணிக்கொள்ளும். இந்த வகையைச் செய்த கீவா என்ற கொம்பனியை அமேசன் 2012இல் 77.5 கோடி டொலருக்கு வாங்கியது. 2025இல் அமேசனிடம் பத்து இலட்சம் ரொபோக்கள் சேர்ந்தன. இவை ஓடும் தரையிலும் இதே சட்டம்தான். அந்தப் பகுதியை நிறுத்தி வைக்காமல் கீழே விழுந்த சாமானை எடுக்கக் கால் வைக்கக்கூடாது.

“அப்ப எங்க வேல போயிருமா?”

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. மழுப்பாமல் சொல்வதானால், தூக்கி அடுக்கும் வேலை குறையும். பத்துப் பேர் செய்ததை ரொபோவும் இரண்டு மூன்று பேரும் செய்வார்கள். இடுப்பு வலியும் தோள் வலியும் குறையும் என்பது உண்மை, சம்பளப் பெயர்களும் குறையும் என்பதும் உண்மை. தென் கொரியாவில் 2023இல் ஃபெக்டரி ஊழியர் 10,000 பேருக்கு 1,012 ரொபோ என்ற கணக்கு இருந்தது. உலகத்திலேயே அதுதான் அதிகம். 2004 முதல் அரசாங்க ஏற்பாட்டில் நம் நாட்டுப் பிள்ளைகள் போய் வேலை செய்யும் நாடும் அதுதான்.

ஆனால் ஒன்று. ரொபோவைப் பூட்டவும், கிறீஸ் போடவும், பிழை கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். அதற்கு பெரிய பட்டம் இல்லாமலும் தொடங்கலாம். ஃபிட்டர் வேலை, எலக்ட்ரீசியன் வேலை, காற்றில் இயங்கும் கருவிகளைப் பற்றிய அறிவு, புத்தகத்தை வாசிக்க இங்கிலிஷ். இவைதான் அடிப்படை. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழான என்.வி.கியூ.வில் 1 முதல் 7 வரை படிகள் உண்டு. படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளையும் ஒரு படியில் ஏறி மேலே போகலாம். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும், மொரட்டுவையிலுள்ள இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனத்திலும் விசாரித்துப் பாருங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். இந்த வேலைக்கு வேண்டியது பொறுமையும் கூர்மையான கண்ணும்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டப்படி ஆபத்தான மிசினுக்குப் பாதுகாப்பு வேலி போடுவது முதலாளியின் கடமை. வேலையில் காயப்பட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். கதவு சுவிட்சைக் கட்டி வைத்திருந்தாலோ, மிசினை நிறுத்தாமல் உள்ளே போகச் சொன்னாலோ, சங்கத்திடமும் தொழில் திணைக்களத்திடமும் சொல்லலாம். யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார் என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள்.

ஆரம்பத்தில் சொன்ன அந்தத் தம்பி வேலைக்குத் திரும்பும் நாளில், அப்பா கடைக்குப் போய் ஒரு சின்னப் பூட்டு வாங்கி வந்து கொடுத்தார். “யாரு அவசரப்படுத்துனாலும் இத போட்டுட்டு உள்ள போ. சாவிய ஒங்கிட்டயே வச்சிக்க” என்றார். இந்தக் கட்டுரையில் இவ்வளவு நேரம் நாம் சொன்னதும் அதுதான். வெளியூரில் வேலை செய்யும் பிள்ளைகள் லீவுக்கு வரும்போது இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.